சேலத்துச் சிமெண்டுக்கு எந்த இன்லைன் ஹாக்கி ஸ்கேட் தேறும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சேலத்தில் ஓட்டப்போகிற ஆளுக்கு நடுத்தர விலை இன்லைன் ஹாக்கி ஸ்கேட் (ஒரே வரிசையில் நாலு சக்கரம் உள்ளது) போதும். அலுமினிய ஃபிரேம், சூடு காட்டினால் காலுக்குப் படியும் பூட், முன்னால் இரண்டு 76 மி.மீ. வீல், பின்னால் இரண்டு 80 மி.மீ. வீல். இதற்குக் கீழே போனால் கணுக்கால் அடிவாங்கும். மேலே போனால் பணம் கூடுதலாகப் போகும், ஓட்டம் கூடாது. பாவர், மிஷன் என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

இந்த ஸ்கேட்டின் பிறப்பே ஐஸ் இல்லாத காலத்துக்கானது. 1979-80 வாக்கில் அமெரிக்காவின் மினியாபொலிஸில் ஐஸ் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த ஸ்காட் ஓல்சனும் அவர் தம்பி பிரெனனும், கோடையில் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று வரிசைச் சக்கர ஸ்கேட்டைத் திருத்தி எடுத்ததுதான் பின்னாளில் ரோலர்பிளேடு ஆனது. அவர்களுக்கு வருஷத்தில் சில மாதம்தான் ஐஸ் இல்லை, நமக்குப் பன்னிரண்டு மாதமும் இல்லை. மார்கழியில் ஏற்காடு ஏரியைப் பனி மூடும், கட்டி ஐஸ் வேண்டுமென்றால் ஜூஸ் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆனால் கடையிலும் ஆன்லைனிலும் முதலில் கண்ணில் படுவது மேல்தட்டு மாடல்தான். 'புரோ' என்று எழுதியிருக்கும், பக்கத்தில் என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் வீரர் ஒருவர் படம் இருக்கும். அந்த வீரரின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரிந்தால் அந்த பூட் ஏன் அப்படி இருக்கிறது என்பதும், நமக்கு ஏன் ஒத்துவராது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

என்.எச்.எல்-லில் 32 அணிகள். 2025-26 சீசன் வரை பல வருஷமாக அணிக்கு 82 லீக் ஆட்டம், அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. தேறியவர்களுக்கு அதற்கு மேல் நாலு சுற்று பிளே-ஆஃப், சுற்றுக்கு ஏழு ஆட்டம் வரை. களத்தில் ஒரு முறை இறங்கினால் 45 வினாடி போல முழு மூச்சில் ஓடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்ப வேண்டும். ஆட்டம் முடிய இருபது தடவைக்கு மேல் இது நடக்கும். 90 கிலோ ஆள் முழு வேகத்தில் வந்து ஒற்றைக் காலில் திரும்பும்போது பூட் இம்மிகூட நெளியக் கூடாது. அதனால்தான் அதைக் கார்பன் கலவையில் ஓடு மாதிரி செய்கிறார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம், ஆயுள் கம்மி. ஆயுளைப் பற்றி அவருக்கு என்ன கவலை? புது ஜோடி அணி வாங்கித் தரும், காயவைத்து, தீட்டி, ரிவிட் பார்த்து வைக்க எக்விப்மென்ட் மேனேஜர் இருக்கிறார். ஆயிரம் டாலரைத் தாண்டும் அந்த பூட்டை நம் ஊரில் வாங்குகிறவரோ, சுங்க வரியும் கட்டி, தானே எக்விப்மென்ட் மேனேஜராகவும் இருக்க வேண்டும். 45 கிலோ பையனின் எடைக்கு அந்த விறைப்பு வளைந்தே கொடுக்காது. முழங்கால் முன்னால் மடங்காமல் நிமிர்ந்தே ஓட்டுவான், ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் சாய்ந்து விழுவான். கோச் 'மடக்குடா, மடக்குடா' என்று கத்துவார், மடங்காதது பூட் என்று யாருக்கும் தோன்றாது.

கருவிதான் ஆளை உயர்த்தும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு. என்.எச்.எல். வீரர் வேய்ன் க்ரெட்ஸ்கி 1981-82 சீசனில் அடித்த 92 கோலும் மர ஸ்டிக்கில் வந்தவை. அவருடைய மொத்தம் 894. அதை அலெக்சாண்டர் ஒவெச்கின் 2025 ஏப்ரலில் தாண்டினார். ஒரே சீசனில் 92 என்பது கார்பன் ஸ்டிக் காலத்திலும் அசையவில்லை.

இனி கீழ்த்தட்டு. பிளாஸ்டிக் ஓடு, கிளிப் பக்கிள், பொத்தானை அழுத்தினால் நாலு சைஸ் நீளும் என்ற வசதி, பின்னால் ரப்பர் பிரேக். அபார்ட்மெண்ட் வாசலில் சுற்ற இது போதும், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹாக்கிக்கு ஆகாது. கால் மாற்றி வைத்துத் திரும்பும்போது பின் பிரேக் மற்ற காலில் தட்டும். பிளாஸ்டிக் ஃபிரேம் பாரத்தில் முறுக்கிக்கொள்வதால் நாலு வீலும் ஒரே கோட்டில் நிற்காது, கணுக்கால் உள்பக்கம் சாயும். இன்னொன்று, இந்த விலையில் வீல் பெரும்பாலும் பி.வி.சி., பாலியூரித்தேன் இல்லை. நகத்தை அழுத்திப் பாருங்கள், பாலியூரித்தேன் லேசாக உள்வாங்கித் திரும்பும், பி.வி.சி. அசையாது. சிமெண்டில் உருட்டினால் கடகடவென்று சத்தமும் வரும்.

சைஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 'ஒரு நம்பர் பெருசா எடுத்துக்கங்க சார், ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்லை' என்பது கடைக்காரர் வழக்கமாகச் சொல்வது. ஸ்கூல் ஷூவுக்குச் சரி. ஸ்கேட்டில் அது உள்ளே கால் நழுவி, குதிகால் தூக்கி, கொப்புளத்தில் முடியும். கணக்கு இப்படி: நம் ஊர்க் கடையில் 8 நம்பர் என்றால் யு.கே. 8, அமெரிக்கக் கணக்கில் 9. ஹாக்கி ஸ்கேட்டின் நம்பர் ஷூவின் அமெரிக்க நம்பரைவிட ஒன்று அல்லது ஒன்றரை குறைவாக வரும். ஆக பெட்டியில் 7.5 அல்லது 8 என்று இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள யூரோ நம்பரை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. வளர்கிற பிள்ளைக்கு அரை நம்பர் கூடுதல் எடுக்கலாம், அதற்கு மேல் கூடாது.

போட்டுப் பார்க்கும்போது மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். லேஸ் கட்டாமல் காலைத் திணித்து முன்னால் தள்ளினால் கட்டைவிரல் முனையில் தொட வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையலாம், இரண்டு நுழைந்தால் பெரிது. பிறகு குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பின்னால் உட்கார வைத்து, லேஸை இறுக்கி, எழுந்து, முழங்காலை மடக்குங்கள். இப்போது விரல் முனையை விட்டுச் சற்றே விலக வேண்டும், உரசினால் தப்பில்லை, மடங்கினால் தப்பு. உயரம் பார்க்க ஒரு பென்சில் போதும். லேஸை நன்றாகத் தளர்த்தி, மேலிருந்து மூன்றாவது ஓட்டை ஜோடியின் குறுக்கே பென்சிலை வையுங்கள். இரு பக்க விளிம்பிலும் படியாமல் புறங்காலில் முட்டி நின்றால் பூட்டுக்கு ஆழம் போதாது. லேஸை இழுத்துக் கட்டினால் கணுக்காலின் முன் நரம்பில் அழுத்தி, பத்து நாளில் நடக்கும்போதும் வலிக்கும். செருப்பிலேயே வளர்ந்த பாதத்துக்கு முன்பக்கம் அகலம் என்பதால், சாதாரண அகலமான 'டி' இறுக்கினால் நீளத்தைக் கூட்டாதீர்கள், 'இஇ' அகலம் கேளுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே கடையில் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. ஆன்லைனில் எடுத்தால் திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், வீலைத் தரையில் உருட்டிவிட்டால் பிறகு யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

நடுத்தர மாடலில் பூட்டைச் சூடாக்கிக் காலுக்குப் படியவைக்கலாம். பொதுவாக 80 டிகிரி, ஆறு முதல் எட்டு நிமிடம். துல்லியமான அளவு அந்தந்த மாடலின் தாளில் இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். சமையலறை ஓடிஜியில் வைப்பது ஆபத்து. அதன் திருகு 80 காட்டும்போது உள்ளே கம்பிக்குப் பக்கத்தில் அதற்கு மேல் இருக்கும், அடிப்பாகத்துப் பசை விட்டுவிடும். ஸ்கேட்டுக்கென்றே ஓவன் வைத்த கடை பக்கத்தில் இல்லையென்றால் ஹேர் டிரையர் நிதானமான வழி. உறுத்துகிற இடத்தில் மட்டும் உள்ளிருந்து சூடு காட்டி, காலை விட்டு, லேஸைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டி, உட்கார்ந்தபடியே கால் மணி நேரம் இருக்க வேண்டும். சூடான பூட்டில் லேஸை மேல்நோக்கி இழுத்தால் ஓட்டை வளையங்கள் பிய்ந்து வரும். அன்றைக்கு ஓட்டக் கூடாது, ஒரு நாள் விட வேண்டும். இதே காரணத்தால்தான் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ஸ்கேட்டைப் போட்டு வைக்கக் கூடாது. நீங்கள் கேட்காமலே அது வடிவம் மாறும்.

கூடவே வருகிற வீல் பெரும்பாலும் நம் தரைக்கு ஒத்துவராது, வாங்கும்போதே இன்னொரு செட்டுக்குக் காசு ஒதுக்குங்கள். வீலின் பக்கத்தில் 74ஏ, 78ஏ, 84ஏ என்று ஓர் எண் இருக்கும், அதுதான் வீலின் கடினத்தன்மை. ஹாக்கி ஸ்கேட்டோடு வருவது பொதுவாக வழுவழுப்பான உள்ளரங்கத் தரைக்கான மெது வீல், 72ஏ முதல் 78ஏ வரை. கூட்டிப் பெருக்கிய சொரசொரச் சிமெண்டில் அதை ஓட்டினால் ரப்பர் அழித்த மாதிரி துகளாக உதிரும். சேலத்தில் வகுப்பு நடக்கும் திறந்தவெளிச் சிமெண்டுக்கு 82ஏ முதல் 85ஏ. அதே வீலோடு மொசைக், கிரானைட் போட்ட மண்டபத் தரையில் ஏறினால் சோப்பில் மிதித்த கதைதான், அங்கே மெது வீல் வேண்டும். இரண்டு இடத்திலும் ஓட்டுகிறவர் இரண்டு செட் வைத்துக்கொள்வதுதான் வழி. நடுவாக 80ஏ எடுத்தால் இரண்டு இடத்திலும் அரைகுறைதான். கோடையில் பகல் பதினொரு மணிக்கு மேல் சிமெண்ட் கொதிக்கும்போது பாலியூரித்தேன் இளகி வேகமாகத் தேயும். காலை ஆறு முதல் எட்டரைக்குள் முடித்துக்கொண்டால் வீலும் பிழைக்கும், ஆளும் பிழைப்பார்.

வீல் உள்விளிம்பில்தான் தேயும், அதுவும் முன்வீல் ஒருவிதமாக, பின்வீல் ஒருவிதமாக. நாலும் ஒரே அளவாக இருந்தால் ஒன்றை மூன்றாவது இடத்துக்கும் இரண்டை நாலாவது இடத்துக்கும் மாற்றச் சொல்வார்கள். 76-80 ஃபிரேமில் அப்படிச் செய்ய முடியாது. சின்னது சின்னதோடு, பெரியது பெரியதோடு. இடது காலின் முதல் வீலை வலது காலின் இரண்டாவது இடத்துக்கு, இடது மூன்றை வலது நாலுக்கு, அதேபோல அங்கிருந்து இங்கே. கால் மாறும்போது வீலைத் திருப்பிப் போட வேண்டாம். இடது காலில் உள்பக்கமாக இருந்த தேய்ந்த முகம் வலது காலுக்குப் போனதும் தானாக வெளிப்பக்கம் வந்துவிடும். திருப்பிவிட்டால் பழைய தேய்மானம் திரும்ப உள்ளேயே வரும். வாரம் மூன்று நாள் ஓட்டுகிறவர் மாதம் ஒரு முறை செய்தால் போதும். பெரும்பாலான ஃபிரேமுக்கு 4 மி.மீ. ஆலன் கீ, சிலவற்றுக்கு டார்க்ஸ் என்ற நட்சத்திர முனைச் சாவி. தலை வழுக்கிய போல்ட்டில் சாவியை முறுக்கிக்கொண்டே இருக்காதீர்கள், பத்து போல்ட் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பேரிங்கில் சேலத்துக்கு ஒரு வசதி உண்டு. பெரும்பாலான ஸ்கேட்டில் இருப்பது 608 பேரிங்தான்: உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. வீலுக்கு இரண்டு, ஜோடி ஸ்கேட்டுக்குப் பதினாறு. மோட்டாருக்கும் மெஷினுக்கும் பேரிங் விற்கிற கடைகளிலேயே 608 கிடைக்கும். ரப்பர் மூடி போட்டதைக் கேளுங்கள். ஏபெக் 9 என்று ஸ்கேட் கடையில் கூடுதல் விலை சொன்னால் அசைய வேண்டாம். அந்த எண் அளவின் துல்லியத்தைத்தான் சொல்கிறது. ஸ்கேட் பக்கவாட்டில் தரும் அடியை எப்படித் தாங்கும் என்பதை அது சொல்வதில்லை. ஏபெக் 5 தாராளம். நம் ஊரில் பேரிங்கைக் கொல்வது வேகம் இல்லை, தூசி. மேக்னசைட் சுரங்கப் பக்கத்து வெள்ளைத் தூளும் சிமெண்ட் மாவும் உள்ளே போய் எண்ணெயோடு குழைந்து உட்கார்ந்துவிடும். ஏற்காட்டில் தூசி குறைவு, ஈரம் அதிகம். ஓட்டிவிட்டுப் பையிலேயே கட்டி வைத்தால் அடுத்த வாரம் துரு.

சுத்தம் செய்ய வீலைக் கழற்றி, போல்ட் முனையால் நெம்பினால் பேரிங் வெளியே வரும். ரப்பர் மூடியின் உள்விளிம்பில் ஊசி விட்டுத் தூக்குங்கள். மூடியைத் தனியே வைத்துவிட்டுப் பேரிங்கை மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துக் குலுக்கி, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். மூடியோடு பெட்ரோலில் போட்டால் ரப்பர் உப்பிவிடும். காய்ந்த பிறகு இரண்டு சொட்டு தையல் மெஷின் ஆயில். தேங்காய் எண்ணெய் கூடாது, நாளடைவில் பிசின் மாதிரி ஆகிவிடும். மழைக்காலத்திலும் ஏற்காட்டிலும் ஆயிலைவிட மெல்லிய கிரீஸ் மேல், உள்ளே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. கையில் சுற்றிப் பார்த்தால் கொஞ்சம் மந்தமாகச் சுழலும், ஆள் ஏறி நின்றால் வித்தியாசம் தெரியாது. திரும்பப் போடும்போது இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருந்த குழாய்த் துண்டை மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் போல்ட்டை இறுக்கினால் வீல் சுழலாது, தளர்த்தினால் ஆடும். 'பேரிங் போயிடுச்சு' என்று வருகிற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இந்தக் காணாமல்போன துண்டுதான்.

பழைய ஸ்கேட் வாங்குகிறவர் பேரிங்கையோ வீலையோ பார்த்துப் பயப்பட வேண்டாம், அவை மாற்றக்கூடியவை. பார்க்க வேண்டியது ரிவிட். ஒரு கையில் பூட்டையும் மறு கையில் ஃபிரேமையும் பிடித்து முறுக்குங்கள். குதிகால் பக்கம் இடுக்கு திறந்து வெளிச்சம் தெரிந்தால் ரிவிட் தளர்ந்துவிட்டது. பட்டறையில் பாப் ரிவிட் அடித்துத் தருவார்கள், தாங்காது. உள்ளே பாதத் தகட்டுக்குக் கீழே அகல வாஷர் வைத்து, 5 மி.மீ. போல்ட்டும் நைலான் நட்டும் போட்டு இறுக்கினால் நிற்கும். ஃபிரேமிலேயே விரிசல் இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

ஸ்டிக்கைப் பற்றிச் சுருக்கமாக: சிமெண்டில் கார்பன் பிளேடு சில வாரத்தில் கரைந்துவிடும், ஏபிஎஸ் (கெட்டி பிளாஸ்டிக்) பிளேடு போட்ட மர ஸ்டிக் வாங்குங்கள். வெறுங்காலில் நின்றால் மூக்கு வரை, ஸ்கேட்டோடு நின்றால் தாடை வரை நீளம். ஸ்டிக்கின் விறைப்பைக் காட்டும் ஃபிளெக்ஸ் எண் ஆளின் எடையைப் பவுண்டில் எழுதிப் பாதியாக்கினால் வரும், 50 கிலோ ஆளுக்கு 55. நீளத்தை அறுத்தால் விறைப்பு கூடும் என்பதால் அறுத்த பின் என்ன ஆகும் என்று பார்த்து வாங்க வேண்டும். ஐஸ் ஹாக்கியில் பந்துக்குப் பதில் அடிக்கும் தட்டை வட்டான பக் 7.6 செ.மீ. அகலம், 156 முதல் 170 கிராம் ரப்பர். சிமெண்டில் அது வழுக்காது, எழுந்து நின்று உருளும். நம் வெயிலுக்கு ஆரஞ்சு நிற ஹாக்கி பந்து சரி.

ஹெல்மெட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். சைக்கிள் ஹெல்மெட் போதாது, முகத்துக்குக் கம்பி வலை வைத்த ஹாக்கி ஹெல்மெட் வேண்டும். பஞ்சாபி வம்சாவளியில் வந்த கனடா வீரர் மேனி மல்ஹோத்ராவின் கதை இங்கே பொருந்தும். 1998-ல் என்.எச்.எல். புது வீரர் தேர்வில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி அவரை ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஏழு அணிகளில் 991 என்.எச்.எல். ஆட்டம். பக்கை நடுவர் போட்டதும் முதலில் கைப்பற்றும் வேலையில் கில்லாடி, 2010-11 சீசனில் 60 சதவீதத்துக்கு மேல் அவர் பக்கமே வந்தது. 2011 மார்ச்சில் பக் ஒன்று இடது கண்ணில் பட்டது, பல அறுவைச் சிகிச்சை. ஜூனில் என்.எச்.எல். பட்டத்துக்கான ஸ்டான்லி கோப்பை இறுதிக்கு முழு முகக் கவசத்தோடு திரும்பி வந்தார், பார்வை பழையபடி ஆகவில்லை. பின்னாளில் கோச்சாகி, 2025-ல் அபாட்ஸ்ஃபோர்டு அணிக்கு, என்.எச்.எல்-க்கு அடுத்த நிலை லீக்கின் கால்டர் கோப்பையை வாங்கித் தந்தார். அவ்வளவு அனுபவசாலிக்கே பக் வருவது தெரியவில்லை என்றால் பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்குப் பந்து எங்கே தெரியப்போகிறது.

ஏற்காட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஹாக்கி ஸ்கேட்டில் பிரேக் கிடையாது. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள மலைச் சாலையில் இதை மாட்டிக்கொண்டு இறங்குவது சாகசம் இல்லை, கிறுக்குத்தனம். பின்காலைக் குறுக்கே இழுத்து நிறுத்தும் முறை சமதரைக்கு மட்டும்தான். சரிவில் வீல் கரையுமே தவிர வேகம் குறையாது, வளைவில் எதிரே பஸ் வரும்.

ஐஸ் முகாமுக்கு, டேராடூன் ஹிமாத்ரி அரங்குக்கோ லேவுக்கோ போகிறவர்களுக்குக் கடைசியாக இரண்டு விஷயம். இந்த ஸ்கேட்டில் கற்ற திருப்பமும் ஸ்டிக் வேலையும் மூச்சும் அப்படியே கைகொடுக்கும். பிளேடு தீட்டுவது வேறு. ஐஸ் பிளேடின் அடியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு, அரை அங்குல ஆரம் என்பது பொதுவான அளவு, அதன் இரு கரைதான் ஐஸைப் பிடிக்கும். உருக்காலை ஊர்க்காரர் என்ற தைரியத்தில் தெருவில் சாணை பிடிப்பவரிடம் நீட்டிவிடாதீர்கள், பள்ளத்தைத் தட்டையாக்கி கத்தி மாதிரி பளபளவென்று தருவார், ஐஸில் நிற்கவே முடியாது. அடுத்து, நிற்பது. வீலில் இழுத்து நின்ற பழக்கத்துக்கு ஐஸில் இரு கத்தியையும் குறுக்கே திருப்பிச் சீவி நிற்க வராது. முதல் இரண்டு நாள் அரங்கின் ஓரப் பலகையில் மோதித்தான் நிற்பார்கள், முழங்கை கார்டு போட்டு அனுப்புங்கள்.